ஒரே மாதிரி இரண்டு எண்ணெய் பாட்டில்

"கடைசியா டேஸ்ட் பண்ணிப் பாத்துக்கோங்க அத்தை, புளிப்பு தூக்கலா இருந்தா கொஞ்சம் தேன், இனிப்பு தூக்கலா இருந்தா இன்னும் கொஞ்சம் வினிகர், அவ்ளோதான்" என்று மருமகள் வினோதினி சொல்லிவிட்டு முன்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள், ஆபீஸ் மீட்டிங்காம், லீவு போட்டுவிட்டு வந்தவளுக்கு என்ன மீட்டிங்கோ, டேஸ்ட் பண்ணிப் பாக்கணுமாம், நான் எந்தக் காலத்தில் அடுப்படியில் நின்று நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறேன், சாமிக்குக் காட்டாததை வாயில் வைத்தால் எச்சில் என்று அம்மா என் கையில் கரண்டியால் போட்ட போடு இன்னும் மணிக்கட்டில் இருக்கிறது, "மூக்கு எதுக்குட்டி இருக்கு, மோந்து பாத்து உப்பு தெரியாதவ என்னத்த பொம்பள" என்று கேட்பாள், அப்படியே பழகி, கொதிக்கிற சாம்பாரின் ஆவியில் முகத்தைக் காட்டினால் போதும், உப்பு கூடவா குறையவா, புளி பச்சையாக இருக்கிறதா, பருப்பு அடி பிடிக்கப் பார்க்கிறதா, எல்லாம் எனக்குத் தெரிந்துவிடும், சங்கரன்கோவிலில் கல்யாணம் என்றால் பந்தி போடுவதற்கு முன்னால் "ஆவுடையக் கூப்பிடுங்க, ரசத்த ஒருக்கா மோந்து பாக்கட்டும்" என்பார்கள், சமைக்கிற தவசுப்பிள்ளைகூட ஒதுங்கி வழிவிடுவார், அந்த ஆவுடைதான் இப்போது பாளையங்கோட்டையில் மூன்றாம் மாடியில் மின்விசிறிக்குக் கீழே ஒரு செந்தூர மாம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பழுத்திருக்கிறதா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மருமகள் முன்னால் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் "ம்ம், நல்ல பழம்" என்று சொன்னது நடிப்பு. நன்றாகவே நடிக்கிறேன். நடித்து நடித்து அலுத்துப்போய்விட்டது, அதுதான் உண்மை.

காம்பைக் கிள்ளினால் பால் வடிகிறது, அதன் அருகில் போய் நன்றாக இழுத்துப் பார்க்கிறேன், காற்றுதான் உள்ளே போகிறது, வெறும் காற்று, தோலைச் சீவும்போது எதிர்வீடு வரைக்கும் மணக்க வேண்டிய பழம், கையெல்லாம் சாறு, ஈ வந்துவிட்டது, ஈக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை. தை மாதம் ஒரு காய்ச்சல் வந்தது, சாதாரணக் காய்ச்சல்தான், மூக்கடைப்பு, சளி, எல்லாம் போனது, போகும்போது இதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. முதலில் சளி மிச்சம் இருக்கிறது என்று நினைத்தேன், ஆவி பிடித்தேன், நொச்சி இலை, மஞ்சள், எல்லாம் செய்தேன், ஒருநாள் பீரோவைத் திறந்து என் வீட்டுக்காரர் விட்டுவிட்டுப் போன மூக்குப்பொடி டப்பாவை எடுத்தேன், அவர் இருந்த காலம் வரைக்கும் அந்த டப்பாவைக் கண்டாலே எனக்கு ஆகாது, கர்ச்சீப்பைத் தனியாக ஊறவைத்துத் துவைப்பேன், "ஒரு சிட்டிகை போட்டா ஒலகமே தெளிவாத் தெரியும், ஆவுடை" என்பார், "தெரிஞ்ச வரைக்கும் போதும்" என்பேன், அவர் போன பிறகு அதையே எடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு சிட்டிகையை ஏற்றினேன், ஐயோ, கண்ணில் தண்ணீர் ஊற்றுகிறது, தொடர்ந்து தும்மல், மூக்குக்குள் மிளகாய்ப் பொடி தூவிய மாதிரி எரிச்சல், எரிச்சல் இருக்கிறது, தும்மல் இருக்கிறது, வாடை மட்டும் இல்லை. அவருடைய வாடை அது. அன்றைக்குக் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன், பொடியால் வந்த கண்ணீர் எது, அழுகை எது என்று எனக்கே தெரியாமல் அழுதேன்.

மாம்பழச் சதையை மசித்து வடிகட்டியில் தேய்க்க வேண்டும், நார் தங்கிவிடும், கூழ் மட்டும் இறங்கும் என்று வினோதினி செல்போனில் ஒரு வீடியோ காட்டினாள், அதில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி ஏதோ சிவப்புப் பழத்தை அரைத்து, வினிகர் ஊற்றி, எண்ணெய் ஊற்றி, பாட்டிலில் போட்டுக் குலுக்கி, கீரை மேல் ஊற்றிச் சிரிக்கிறாள், அது பச்சடியும் இல்லை, துவையலும் இல்லை, குழம்பு என்று சொல்ல வாய் வராது, லிங்கத்துக்குச் சர்க்கரை வந்துவிட்டதால் மத்தியானம் வெள்ளரியும் கேரட்டும் முட்டைக்கோசுமாகப் பச்சையாகத் தின்கிறானாம், கடையில் வாங்குகிற டிரஸ்ஸிங்கில் சீனியாகக் கொட்டியிருக்கிறானாம், அதனால் வீட்டிலேயே செய்கிறார்களாம். என் பிள்ளை சங்கரலிங்கம், ஒரு காலத்தில் கத்திரிக்காய் எண்ணெய்க்குழம்பு இல்லாமல் சோற்றில் கை வைக்காதவன், இப்போது ஆடு மாதிரி இலை தழை தின்கிறான், பாவம், நாற்பது வயதுகூட ஆகவில்லை. நேற்று ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான், "எம்மா, நீ தனியாக் கெடந்து என்ன செய்யப்போற, சென்னைக்கு வந்துரு, இந்த வீட்ட வாடகைக்கு விட்ருவோம்." "எதுக்குல இப்ப" என்றேன். "ஒண்ணுமில்ல, நாளைக்கு மத்தியானத்துக்குள்ள யோசிச்சிச் சொல்லு, டிக்கெட் போடணும்" என்றான், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். யாரோ அவனிடம் பால் விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள், எதிர்வீட்டு மரகதமாகத்தான் இருக்கும், வேறு யாருக்குத் தெரியும், அன்றைக்குப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு இந்த ஜன்னலோரம்தான் உட்கார்ந்து பூத்தொடுத்துக்கொண்டிருந்தேன், பால் பொங்கி, அடுப்பு அணைந்து, கேஸ் திறந்தபடியே இருந்திருக்கிறது, மரகதம் வந்து கதவைத் தட்டி, "என்னக்கா, கேஸ் வாடை மாடிப்படி வரைக்கும் அடிக்கி, நீங்க உள்ளதான் இருக்கியளா" என்றாள், "போன் பேசிட்டு இருந்தேன்" என்று பொய் சொன்னேன், போன் சார்ஜில் கிடந்தது, அவள் அதைப் பார்த்தாள். அதிலிருந்து சிலிண்டரை ஒவ்வொரு தடவையும் மூடுகிறேன், ரப்பர் குழாயில் சோப்பு நுரை தடவிக் குமிழி விடுகிறதா என்று பார்க்கிறேன், படுக்கப் போன பிறகு எழுந்து வந்து மறுபடி பார்க்கிறேன், பாலை ஒரு நாளைக்கு மேல் வைப்பதில்லை, சாம்பாருக்கு உப்பைக் கரண்டியால் அளக்கிறேன், நான் அளந்து போடுகிறேன், என் மேல் வாடை வீசுமோ என்று மூன்று வேளை குளிக்கிறேன், நேற்று லிங்கம், "என்னம்மா, இப்பத்தானே குளிச்ச" என்றான். வெயில் என்றேன். அவனும் வினோதினியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. மூக்கு செத்தவளைத் தனியாக விடுவானா? கேஸ் அடுப்போடு? விடவே மாட்டான், நானே அவன் இடத்தில் இருந்தால் விடமாட்டேன், அதனால்தான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன், சென்னையில் பத்தாம் மாடியில் ஒரு பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டு, வினோதினியின் அடுப்படியில் விருந்தாளி மாதிரி நிற்க என்னால் முடியாது. இந்த வீட்டில் எந்த ஸ்விட்ச் எது என்று இருட்டில்கூடக் கை போகும். இது என் வீடு.

சரி, கலக்குவோம். பாட்டிலில் போட்டுக் குலுக்குங்கள் என்றாள், குலுக்குவதற்கு எனக்குத் தோள் வலிக்கிறது, மோர் கடைகிற சின்ன மத்து இருக்கிறதே, அதுவே போதும். மாம்பழக் கூழில் வினிகர் மூன்று கரண்டி, அரை மூடி எலுமிச்சம்பழம், உப்பு அளந்து, மிளகுத்தூள், கடுகைப் பொடித்து ஒரு சிட்டிகை, அது இருந்தால் எண்ணெயும் தண்ணீரும் பிரியாதாம், தேன் ஒரு சொட்டு, பிள்ளைக்குச் சர்க்கரை, அதற்கு மேல் வேண்டாம். எண்ணெய்க்கு ஆலிவ் கிலிவ் என்று சொல்வாளோ என்று பார்த்தேன், "உங்க செக்கு நல்லெண்ணெயே ஊத்துங்க அத்தை, அவருக்கு அதுதான் பிடிக்கும்" என்றாள், நல்ல பெண்தான், குறை சொல்லக் கூடாது, விடிகாலையில் எழுந்து நான் சாமிக்கு விளக்கேற்றிவிட்டு வந்த கையோடு அடுப்படி முழுக்கத் துடைத்து, டப்பாவையெல்லாம் கழுவிக் கவிழ்த்து, மேடையைப் பளபளவென்று ஆக்கிவிட்டாள், "ஒரே பிசுக்கா இருந்துச்சு அத்தை" என்று சிரித்தாள், பிசுக்கு இருந்தது எனக்குத் தெரியாது, அதற்கும் வாடை உண்டே. மத்தை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் உருட்டிக்கொண்டே எண்ணெயை நூல் மாதிரி விட்டேன், விட்டு விட்டுக் கடைந்தேன், அட, வெளுத்துக்கொண்டு வருகிறது, கெட்டிப்படுகிறது, மஞ்சள் பட்டு மாதிரி மினுமினுக்கிறது, எண்ணெய் தனியாக மிதக்கவில்லை, அந்த வெள்ளைக்காரிக்குக்கூட இவ்வளவு சேர்ந்து வரவில்லை, எனக்கே ஒரு சந்தோஷம், மூக்கு இல்லாவிட்டால் என்ன, கை இருக்கிறது, கண் இருக்கிறது, ஒப்பேற்றிவிடலாம், இப்படியே ஒப்பேற்றிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு எண்ணெய் பாட்டிலை அடுப்புக்குப் பக்கத்துத் தட்டில் வைக்கப் போனேன். அங்கே ஏற்கெனவே ஒரு பாட்டில் இருந்தது.

இரண்டும் நன்னாரி சர்பத் பாட்டில். இரண்டும் ஒரே கடை, ஒரே நெளிவு, ஒரே பச்சை மூடி. ஒன்றில் செக்கு நல்லெண்ணெய், அது அடுப்பு ஓரம். இன்னொன்றில் விளக்குக்கு ஊற்றுகிற தீப எண்ணெய், அது அடுப்படிச் சுவரிலேயே இருக்கிற சாமித்தட்டில், வாங்குகிற கவரிலேயே எழுதியிருக்கும், சமையலுக்கு உகந்தது அல்ல என்று, எதை எதையோ கலந்து, சென்ட்டும் போட்டு விற்கிறான். சாமித்தட்டைப் பார்த்தேன். துடைத்திருக்கிறது. எண்ணெய் பாட்டில் நின்ற வட்டம்கூட இல்லை. இரண்டையும் கழுவித் துடைத்து, எண்ணெய்தானே என்று ஒரே இடத்தில் வைத்திருக்கிறாள், அவளைச் சொல்லிக் குற்றமில்லை, சீட்டு ஒட்டி வைத்திருக்கிறேனா நான், "மூக்கு இருக்குத வீட்ல சீட்டு எதுக்கு" என்று பெருமை பேசியவள்தானே நான். நான் ஊற்றியது எது? ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன், இதுவும் பழுப்பு மஞ்சள், அதுவும் பழுப்பு மஞ்சள். விரலில் தொட்டுத் தேய்த்தேன், இதுவும் வழுக்குகிறது, அதுவும் வழுக்குகிறது. மோந்து பார்த்தேன், பழக்கதோஷம், அந்த நேரத்திலும் மூக்குக்குத்தான் கொண்டுபோகிறேன் பாருங்கள், காற்று, வெறும் காற்று. கொட்டிவிடலாம், சின்க்கில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டு, "பழம் புளிச்சிப்போச்சும்மா" என்று சொல்லிவிடலாம், இரண்டு பாட்டிலையும் சாமிக்கே வைத்துவிட்டுப் புதிதாக வாங்கிக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாது, கிண்ணத்தைத் தூக்கிவிட்டேன், சின்க் ஓரம் வரைக்கும் கொண்டுபோய்விட்டேன், சின்க்கில் காலையில் லிங்கம் சாப்பிட்ட தட்டு கிடந்தது, மிளகாய்ப் பொடியும் எண்ணெயுமாக, பாதி அப்படியே.

காலையில் இட்லிக்குப் பொடி வைத்தேன். எண்ணெய் ஊற்றினேன். வினோதினி துடைத்ததற்கு முன்பா, பின்பா? பின்பு. அவள் துணியைப் பிழிந்து காயப்போட்டுக்கொண்டிருந்தாள், நான் ஊற்றினேன், கைக்கு முதலில் வந்த பாட்டில். லிங்கம் ஒரு வாய் வைத்தான், நின்றான், அப்புறம் தின்றான், பொடி என்றால் விரலால் வழித்து நக்குகிறவன், பாதியில் "போதும்மா" என்று எழுந்துவிட்டான், சர்க்கரைக்காக ஒதுக்குகிறான் என்று நினைத்தேன், எண்ணெய் கொஞ்சம் அதிகமாகிவிட்டதோ என்றுகூட நினைத்தேன், ஐயோ, நான் பெற்ற பிள்ளைக்கு விளக்குக்கு ஊற்றுகிறதை ஊற்றிக் கொடுத்தேனா? வயிற்றுக்கு என்ன ஆகும்? முடி வெட்டப் போனவனை இன்னும் காணோமே, எங்கேயாவது வாந்தி எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பானோ, சர்க்கரை உடம்பு, மாத்திரை வேறு போட்டிருக்கிறான். இல்லை, அது நல்லெண்ணெயாகத்தான் இருக்கும். எப்படித் தெரியும்? தெரியாது. அம்மா, நீ கரண்டியால் அடித்தாலும் சரி என்று சொல்லிக்கொண்டே கிண்ணத்தில் விரலை விட்டு நாக்கில் வைத்தேன், அடுப்படியில் நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாக. புளிக்கிறது. இனிக்கிறது. உப்பு சரி. மிளகு சுருக்கென்கிறது. அதற்கு மேல் நாக்குக்கு ஒன்றும் தெரியவில்லை, மாம்பழம் என்றுகூட அதற்குத் தெரியவில்லை, சீனியும் புளியும் கலந்த ஏதோ ஒரு வழவழப்பு. இத்தனை மாதம் சோறு சப்பென்று இருந்ததைக் காய்ச்சல் வாய் என்றுதான் நினைத்திருந்தேன், இத்தனை காலம் நாக்கு நாக்கு என்று எல்லாரும் சொன்னது மூக்கைத்தானா? சுவரில் சாய்ந்து நின்றேன். எனக்குக் கால் வலிக்கிறது. ஒளிக்கிறதற்கும் தெம்பு வேண்டும், நேரம் பார்த்து, நிறம் பார்த்து, சத்தம் பார்த்து, ஆள் முகம் பார்த்து, நாள் முழுக்க இருட்டில் தடவிக்கொண்டே நடக்கிற மாதிரி, இதற்கு மேல் என்னால் ஆகாது, வீடு போனால் போகட்டும், பிள்ளை வயிற்றில் என்ன போயிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். முன்னறைக் கதவைத் தட்டினேன்.

"வினோதினி, மீட்டிங் கெடக்கட்டும், கொஞ்சம் வாம்மா" என்றேன், என் குரல் அவளுக்கு எப்படிக் கேட்டதோ, காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்தாள். கிண்ணத்தை நீட்டினேன். "இத மோந்து பாரு." அவள் என்னைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள், குனிந்து மோந்தாள், முகம் சுருங்கியது. "அத்தை, இது... கோயில் வாசனை அடிக்குது." சின்க்கிலிருந்த தட்டைக் காட்டினேன். "அதயும் பாரு." அவள் குனியவே இல்லை. "அதுவும்தான் அத்தை. அவர் காலையிலேயே என்கிட்ட சொன்னாரு, பொடியில கோயில் வாசனை வருது, அம்மா தீப எண்ணெயை ஊத்திட்டாங்க, சொன்னா மனசு கஷ்டப்படுவாங்கன்னு. அப்புறம் ரெண்டு டம்ளர் மோர் குடிச்சாரு, ஒண்ணும் ஆகல, இப்பகூட மெசேஜ் போட்டாரு." எனக்கு மூச்சு வந்தது, வந்த கையோடு கோபமும் வந்தது. "தெரிஞ்சே தின்னானா? எதுக்கு?" அவள் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டே மெதுவாக, "நாங்க வேற நினைச்சோம் அத்தை. கேஸை மூடலை, ஒரே நாள்ல மூணு தடவை குளிக்கிறீங்க, ராத்திரி எழுந்து அடுப்பை அடுப்பைப் பார்க்கறீங்க, எண்ணெய் மாத்தி ஊத்தறீங்க... சென்னையில ஞாபகமறதிக்கு ஒரு டாக்டர்கிட்ட டோக்கன் வாங்கியிருக்கார். இந்த டிரஸ்ஸிங்கூட, புதுசா ஒண்ணைச் சொன்னா வரிசையா ஞாபகம் வச்சுப் பண்றீங்களான்னு பார்க்கத்தான்..." என்று சொல்லி முடிக்காமல் அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எங்கிருந்து வந்ததோ அந்தச் சிரிப்பு, ஒரு மூக்கை ஒளிக்கப் போய் இருக்கிற புத்தியையும் இல்லை என்று ஆக்கிக்கொண்டேனே, என்னைப் போல் ஒரு கெட்டிக்காரி உண்டா. "அடி பைத்தியமே, எனக்குப் புத்தி பெசகல. மணம் தெரியலம்மா. தை மாசத்துல இருந்து ஒரு மணமும் தெரியல." சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், ஒரு வரி, இதைத் தூக்கிக்கொண்டா இத்தனை மாதம் நடந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், மாம்பழச் சாறு பிசுபிசுவென்று ஒட்டியது, விடவில்லை. சீவிப் போட்ட தோலில் ஒன்றை எடுத்து அவள் மூக்கருகில் பிடித்தேன். "இது எப்படி மணக்கு, சொல்லு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மோந்து, யோசித்து, திணறி, "மாம்பழம் மாதிரிதான் இருக்கு அத்தை" என்றாள், அதற்கு மேல் அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

லிங்கம் வந்தான், வெட்டிய முடி கழுத்தில் ஒட்டியிருக்க, எங்கள் இரண்டு பேரையும் பார்த்து வாசலிலேயே நின்றான். "எம்மா, யோசிச்சியா?" என்றான். "யோசிச்சாச்சு. ஏல, வெளக்கு எண்ணெய எதுக்குல முழுங்குன? ஒரு வார்த்த சொல்ல வாய் இல்லையா ஒனக்கு?" என்று ஆரம்பித்தவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், காய்ச்சல், பால், சோப்பு நுரை, அவன் அப்பாவின் மூக்குப்பொடி வரைக்கும், நின்றபடியே சொன்னேன், நடுவில் அழவும் செய்தேன், அவன் மூக்குப்பொடிக்குச் சிரித்துவிட்டு உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான். "ஏம்மா மறைச்ச?" "நீ என்ன இங்கேருந்து கூட்டிட்டுப் போயிருவேன்னுதான். புத்தி இருக்குதவள டாக்டர்ட்ட கொண்டுபோறதா இருந்தா மூக்கு டாக்டர்ட்ட கொண்டுபோ, வாரேன், பாத்துட்டு என் வீட்டுக்கு வந்துருவேன்." வினோதினிதான், கேஸ் கசிந்தால் கத்துகிற மிஷின் ஒன்று இருக்கிறது, சுவரில் மாட்டிவிடலாம் என்று மெதுவாகச் சொன்னாள். அவன் அடுப்பு ஓரம் போய் இரண்டு பாட்டிலையும் திறந்து, ஒவ்வொன்றாக மோந்து பார்த்தான், அவன் மூக்கு என் மூக்குதான், ஒரு தடவைதான் மோந்தான், வினோதினியின் கையிலிருந்த ரப்பர் பேண்டைக் கழற்றி ஒரு பாட்டிலின் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டான், இருட்டில் தடவினாலும் தெரிகிற மாதிரி முடிச்சைத் தூக்கி வைத்தான், அதைக் கொண்டுபோய்ச் சாமித்தட்டில் பழைய இடத்தில் வைத்தான். கிண்ணத்திலிருந்ததை நான் சின்க்கில் கொட்டினேன். கூடையில் இன்னொரு மாம்பழம் இருந்தது. "பசிக்கிம்மா" என்றான். "இருல, மறுபடி கலக்குதேன், நீ வந்து மோந்து சொல்லு" என்றேன்.